கார்பன் நானோகுழாய்களின் மேற்பரப்பு வேதியியலைப் பிளாஸ்மாவால் மாற்றியமைத்தல்: வழிமுறையும் அளவீட்டின் வரம்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

கார்பன் நானோகுழாய்கள் உயர்ந்த வலிமையும் மின்கடத்துதிறனும் உடையவை. ஆயினும் அவற்றின் மேற்பரப்பு வேதியியல் வினைகளில் எளிதில் ஈடுபடாத மந்தத்தன்மை கொண்டது. இதனால் அவை நீரிலோ பலபடிகளிலோ சீராக விரவுவதில்லை. இக்குறையை நீக்க அம்மேற்பரப்பில் வினைசெயல் தொகுதிகளைப் பிணைக்கும் முறைகளுள் பிளாஸ்மா முறை குறிப்பிடத்தக்கது. தாழ்வெப்பப் பிளாஸ்மா எவ்வாறு இயங்குகிறது, வளிமத்திற்கேற்ப மேற்பரப்பில் எத்தகைய மாற்றங்கள் நிகழ்கின்றன, துகள் படுகையின் உட்பகுதியை அது ஏன் எளிதில் எட்டுவதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒளிஎலக்ட்ரான் நிறமாலையும் இராமன் நிறமாலையும் தரும் எண்களை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதும் எளிய கணக்கீடுகளின் துணையுடன் ஆராயப்படுகிறது. ஆக்சிஜன் அளவு மிகுந்தால் பதப்படுத்தல் சிறந்தது என்னும் பரவலான கருத்து மறுபரிசீலனைக்குரியது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கார்பன் நானோகுழாய், தாழ்வெப்பப் பிளாஸ்மா, வினைசெயல் தொகுதி, தனி உறுப்பு, இராமன் நிறமாலை, ஒளிஎலக்ட்ரான் நிறமாலை

1. முன்னுரை

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் காணப்படுவதாக 2020ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. அவ்வோடுகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாக அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. பழந்தமிழ்க் குயவர் அறிந்து செய்த நானோ தொழில்நுட்பம் என்று இதனைக் கொள்வதற்குச் சான்று இல்லை. சூளையின் வெப்பமும் கரிமப் பொருளும் கூடியபோது தற்செயலாக அவை உருவாகியிருக்கலாம். எனினும் வேதியியல் நோக்கில் இச்செய்தி ஒன்றை உணர்த்துகிறது. மண்ணின் ஈரத்திலும் உப்பிலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்தும் சிதையாத அளவுக்கு இக்குழாய்கள் நிலைப்புத்தன்மை கொண்டவை.

இந்நிலைப்புத்தன்மையே இன்றைய பொருளறிவியலாளருக்குத் தடையாகவும் அமைகிறது. சுமியோ இய்ஜிமா 1991ஆம் ஆண்டு பலசுவர் நானோகுழாய்களின் அமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் தெளிவாக விளக்கினார். 1993இல் ஒருசுவர்க் குழாய்கள் அறியப்பட்டன. அவற்றின் யங் குணகம் ஏறத்தாழ 1 டெராபாஸ்கல் என்பது நிறுவப்பட்ட பின், பலபடியில் சிறிதளவு குழாய்களைக் கலந்தாலே வலிமை பன்மடங்காகும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அவ்வெதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. குழாய்கள் தமக்குள் திரண்டு கட்டிகளாகின. பலபடியோடு பிணைப்பு ஏற்படாமையால் இழுவிசை செலுத்தப்பட்டபோது உறையிலிருந்து வாள் உருவப்படுவதுபோல் நழுவி வெளிவந்தன. ஆகவே குழாயின் உட்கட்டமைப்பைக் காத்துக்கொண்டு அதன் புறத்தோலை மட்டும் மாற்றுவது எங்ஙனம் என்பதே இத்துறையின் அடிப்படை வினாவாயிற்று.

2. மந்தத்தன்மையின் காரணம்

நானோகுழாயைக் கிராஃபீன் என்னும் ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியதாகக் கருதலாம். இத்தாளில் ஒவ்வொரு கார்பன் அணுவும் எஸ்.பி.2 இனக்கலப்பு வழியே மூன்று அண்டை அணுக்களுடன் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் பிணைந்துள்ளது. எஞ்சிய ஓர் எலக்ட்ரான் தாள் முழுவதும் பரவிய பை முகில் அமைப்பில் பங்கேற்கிறது. குழாயின் மின்கடத்துதிறனுக்கு இம்முகிலே காரணம். புதிய அணு ஒன்று பக்கச் சுவரில் பிணைய வேண்டுமாயின், அவ்விடத்துக் கார்பன் எஸ்.பி.3 நிலைக்கு மாற வேண்டும். அதாவது பை முகிலில் ஒரு துளை விழ வேண்டும். அதற்கு ஆற்றல் தேவைப்படுவதால் சாதாரண வெப்பநிலையில் பெரும்பாலான வினைப்பொருள்கள் குழாயைத் தொடுவதில்லை.

குழாயின் எல்லா இடங்களும் ஒரே அளவு மந்தமானவை அல்ல. முனைகளை மூடும் குவிமாடத்தில் ஆறு ஐங்கோண வளையங்கள் உள்ளன. அங்கு வளைவு மிகுதியாதலால் பிணைப்புகள் இறுக்கத்தில் உள்ளன. பக்கச் சுவரிலும் அணு விடுபட்ட இடங்கள், ஐங்கோணமும் எழுகோணமும் இணைந்த குறைபாடுகள் ஆகியன வினைக்கு எளிதில் இடந்தருகின்றன. ஆகவே எந்த வேதிமுறையும் முதலில் குறைபாடுள்ள இடங்களைத் தாக்கிய பின்னரே சீரான சுவரை நோக்கிச் செல்லும்.

குழாய்களுக்கிடையேயான வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு மற்றொரு தடையாகும். அணு ஒன்றுக்கு இவ்விசை சிறிதே. ஆயினும் இரு குழாய்கள் நீளவாட்டில் ஒட்டிக்கொள்ளும்போது தொடர்புள்ள ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் பல நூறு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சேர்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு துகளுக்குரிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.025 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எனவே கற்றையாகத் திரண்ட குழாய்கள் தாமாகப் பிரிவதில்லை. மீயொலியால் பிரித்தாலும், அவற்றை விலக்கி வைக்கும் மின்சுமையோ பக்கத் தொகுதிகளோ இல்லாவிடில் மீண்டும் திரள்கின்றன.

3. அமில முறையும் அதன் விளைவுகளும்

இச்சிக்கலுக்கு நெடுங்காலமாகக் கையாளப்படும் தீர்வு அமில முறையாகும். அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் 3:1 விகிதத்தில் கலந்த கரைசலில் குழாய்களை மணிக்கணக்கில் வைத்து மீயொலிக்கோ கொதிநிலைக்கோ உட்படுத்துவர். கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் உருவாகின்றன. நடுநிலை நீரில் கார்பாக்சில் தொகுதி அயனியாகி எதிர்மின்சுமை பெறுவதால் குழாய்கள் ஒன்றையொன்று விலக்கி நீரில் விரவி நிற்கின்றன. எளிய கண்ணாடிக் கலங்களே போதும் என்பது இதன் சிறப்பு.

இதற்குரிய விலையும் உண்டு. அமிலம் குறைபாடுள்ள இடங்களில் ஊடுருவிக் குழாய்களைத் துண்டாக்குகிறது. வினைக்குப் பின் கழுவுநீர் நடுநிலையை அடையும் வரை திரும்பத் திரும்ப வடிகட்ட வேண்டும். அமிலக் கழிவு மிகுதியாகச் சேர்கிறது. ஆக்சிஜனேற்றம் பெற்ற சிறு கார்பன் துணுக்குகள் குழாய்ச் சுவரில் படிந்து தங்கிவிடுவதும் உண்டு. அந்நிலையில் அளவிடப்படும் கார்பாக்சில் தொகுதிகளுள் ஒரு பகுதி குழாய்க்கு உரியதன்று; அதன்மேல் ஒட்டிய துணுக்குகளுக்கு உரியது. நீர்த்த காரத்தால் கழுவினால் அத்துணுக்குகள் அகல்வதும், அவற்றோடு விரவுந்திறன் குறைவதும் இதற்குச் சான்றாகும்.

4. பிளாஸ்மா என்னும் நிலை

வில்லியம் குரூக்ஸ் 1879இல் மின்னிறக்கக் குழாயில் ஒளிர்ந்த பொருளைப் பருப்பொருளின் நான்காம் நிலை என்னும் கருத்தில் விளக்கினார். இர்விங் லாங்மியூர் 1928இல் அதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். குருதி நீர்மம் அணுக்களைச் சுமந்து செல்வதுபோல் இம்மின்மய வளிமம் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமக்கிறது என்ற ஒப்புமை அப்பெயருக்குப் பின்னணியாகச் சொல்லப்படுகிறது. அதே 1928ஆம் ஆண்டில்தான் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். பிளாஸ்மாவால் பதப்படுத்தப்பட்ட குழாய்களை இராமன் நிறமாலையால் ஆராயும் இன்றைய ஆய்வாளர், ஓராண்டில் தோன்றிய இவ்விரண்டையும் ஒரே ஆய்வகத்தில் பயன்படுத்துகிறார்.

நானோகுழாய்ப் பதப்படுத்தலுக்கு உதவுவது சூரியனில் உள்ளது போன்ற வெப்பப் பிளாஸ்மா அன்று. சமநிலையற்ற தாழ்வெப்பப் பிளாஸ்மாவாகும். வெற்றிடக் கலத்தில் ஏறத்தாழ 1 முதல் 100 பாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் வளிமத்தை நிரப்பி, பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்திறன் செலுத்தப்படுகிறது. மின்புலம் எலக்ட்ரான்களை முடுக்குகிறது. ஆனால் எலக்ட்ரான் ஆக்சிஜன் மூலக்கூற்றைவிட ஏறத்தாழ 58,000 மடங்கு எடை குறைந்தது. மீள் மோதல் ஒன்றில் அது தன் ஆற்றலில் சுமார் 29,000இல் ஒரு பங்கையே மூலக்கூற்றுக்கு அளிக்க முடியும். பாறைமேல் எறிந்த கடுகு பாறையை அசைப்பதில்லை. தான் மட்டும் தெறித்துச் செல்கிறது. இதனால் எலக்ட்ரான்களின் வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 23,000 கெல்வின் வரை உயரும்போதும் வளிமம் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கிறது.

அயனியாக்கத்தின் அளவும் கருதத்தக்கது. 100 பாஸ்கல் அழுத்தத்திலும் அறை வெப்பநிலையிலும் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 2.4 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. எலக்ட்ரான் அடர்த்தி 10¹⁶ எனக் கொண்டால், சுமார் 24 இலட்சம் மூலக்கூறுகளுக்கு ஓர் அயனியே இருக்கும். ஆகவே மேற்பரப்பு வேதியியலின் பெரும்பகுதியை நிகழ்த்துவன அயனிகள் அல்ல. எலக்ட்ரான் மோதலால் பிளவுண்ட மின்சுமையற்ற தனி உறுப்புகளே. ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிளக்க 5.2 எலக்ட்ரான் வோல்ட் போதும். நைட்ரஜன் மூலக்கூற்றுக்கு 9.8 எலக்ட்ரான் வோல்ட் தேவை. எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றல் இவற்றினும் குறைவாயினும், பரவலின் உயர் ஆற்றல் முனையிலுள்ள சில எலக்ட்ரான்கள் இப்பணியைச் செய்கின்றன. ஆக்சிஜன் பிளாஸ்மா விரைந்து செயற்படுவதற்கும் நைட்ரஜன் பிளாஸ்மா மெதுவாகச் செயற்படுவதற்கும் இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

5. மேற்பரப்பில் நிகழும் மாற்றங்கள்

பிளாஸ்மாவிலிருந்து குழாயை வந்தடைவன மூன்று வகை. முதலாவது தனி உறுப்புகள். இவை பிணைப்பில் சேர்ந்து வினைசெயல் தொகுதிகளாகின்றன. இரண்டாவது அயனிகள், பிளாஸ்மாவுக்கும் பரப்புக்கும் இடையில் உருவாகும் மின்னுறையில் முடுக்கம் பெற்று இவை பரப்பை மோதுகின்றன. மூன்றாவது புற ஊதாக் கதிர்கள். ஆர்கான் பிளாஸ்மா உமிழும் 104.8, 106.7 நானோமீட்டர் கதிர்களின் ஆற்றல் ஏறத்தாழ 11.7 எலக்ட்ரான் வோல்ட் ஆதலால் அவை வேதிப்பிணைப்பை முறிக்கப் போதுமானவை.

இவற்றுள் அயனியின் ஆற்றலே ஆக்கத்திற்கும் அழிவிற்கும் இடையேயான எல்லையைத் தீர்மானிக்கிறது. குழாய்ச் சுவரிலிருந்து ஒரு கார்பன் அணுவை அப்புறப்படுத்த ஏறத்தாழ 15 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுகிறது. எலக்ட்ரான் வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட் உள்ள ஆர்கான் பிளாஸ்மாவில், மின்னிணைப்பு இல்லாத பரப்பை அடையும் அயனியின் ஆற்றல் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட். இது அவ்வெல்லைக்கு உட்பட்டது. அதே மாதிரியை மின்திறன் செலுத்தப்படும் மின்வாயின்மீது வைத்தால் அயனி ஆற்றல் தாழ் அழுத்தத்தில் நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டை எட்டக்கூடும்; அப்போது சுவரில் துளைகள் விழுகின்றன. ஆகவே மின்திறன், கால அளவு, அழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுவிட்டு மாதிரி எங்கு வைக்கப்பட்டது என்பதைக் குறிப்பிடாத செய்முறை விளக்கம் முழுமையற்றதாகும். மாதிரியைப் பிளாஸ்மா ஒளிரும் பகுதிக்கு வெளியே, வளிமம் செல்லும் திசையில் தள்ளி வைப்பதும் உண்டு. அயனிகள் வழியிலேயே மறைந்துவிட, நெடுநேரம் வாழும் தனி உறுப்புகள் மட்டும் குழாயை அடைகின்றன. இதனைத் தொலைப் பிளாஸ்மா முறை எனலாம்.

6. வளிமமும் விளைவும்

ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அணுநிலை ஆக்சிஜன் கார்பன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து முதலில் எபாக்சைடு வளையத்தை உருவாக்குகிறது. அது திறந்து ஹைட்ராக்சிலாகவும் கார்பனைலாகவும், மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கார்பாக்சிலாகவும் மாறுகிறது. கார்பாக்சில் உருவாக வேண்டுமாயின் அவ்விடத்துக் கார்பன் வலையில் பிணைப்பு முறிந்திருக்க வேண்டும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. இன்னும் ஒரு படி சென்றால் கார்பன் மோனாக்சைடாகவும் டைஆக்சைடாகவும் அணுக்கள் வெளியேறுகின்றன. ஆக, தொகுதி சேர்த்தலும் சுவரை அரித்தலும் ஒரே வினைத்தொடரின் அடுத்தடுத்த படிகளே. அவற்றுக்கிடையே நிறுத்துவதுதான் செய்முறையின் நுட்பம்.

அம்மோனியா பிளாஸ்மா அமீன் தொகுதிகளைத் தருகிறது. அவற்றுடன் இமீன், நைட்ரைல் போன்றனவும் கலந்து அமைகின்றன. எபாக்சி பிசினின் வளையத்தை அமீன் திறந்து பிணைவதால் கலவைப்பொருள் ஆய்வில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. கார்பன் டெட்ராஃபுளூரைடு பிளாஸ்மா ஃபுளூரின் அணுக்களைச் சுவரில் பிணைத்து நீர் விலக்கும் பரப்பை உருவாக்குகிறது. ஆக்சிஜன், அம்மோனியா, கார்பன் டெட்ராஃபுளூரைடு ஆகிய மூன்றையும் வானொலி அதிர்வெண் பிளாஸ்மாவில் ஒப்பிட்ட பெல்ஜிய நாட்டு ஆய்வு 2005இல் வெளிவந்தது. வளிமத்தைத் தேர்ந்து பரப்பின் தன்மையைத் தேரலாம் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

ஆர்கான் தன்னளவில் எத்தொகுதியையும் சேர்ப்பதில்லை. அது சுவரில் இணைசேரா எலக்ட்ரான் உள்ள இடங்களை உருவாக்குகிறது. மாதிரியைக் காற்றில் திறந்தவுடன் அவ்விடங்கள் ஆக்சிஜனை ஏற்கின்றன. எனவே ஆர்கானால் பதப்படுத்திய குழாயிலும் ஆக்சிஜன் காணப்படுவதில் வியப்பில்லை. காற்றுக்குப் பதிலாக அக்ரிலிக் அமிலம், மலேயிக் நீரிலி போன்றவற்றைச் செலுத்தினால் அவை அவ்விடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. வினைப்பொருளையே பிளாஸ்மாவாக்கும் வழியும் உண்டு. லிமிங் டாய் குழுவினர் 2001இல் அசிட்டால்டிஹைடு பிளாஸ்மாவால் குழாய்களின்மேல் ஆல்டிஹைடு தொகுதிகளைப் பதித்து, அவற்றோடு அமினோ டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பலபடியை ஷிஃப் காரப் பிணைப்பால் இணைத்துக் காட்டினர். பிளாஸ்மா இங்கு முடிவான பதப்படுத்தலாக அமையாமல், அடுத்த வேதிவினைக்கு அடித்தளமாக அமைந்தது.

7. துகள் படுகையின் உட்பகுதி

பிளாஸ்மா முறை உலர்ந்தது, விரைவானது, கழுவுநீர்க் கழிவு அற்றது என்பன பொதுவாகக் கூறப்படும் சிறப்புகள். இவை உண்மையே. எனினும் குழாய்கள் தூளாகக் குவிந்திருக்கும்போது ஓர் அடிப்படைத் தடை எழுகிறது.

பிளாஸ்மா தன் இயல்போடு நிலைக்க வேண்டிய மிகச் சிறிய அளவை டிபை நீளம் குறிக்கிறது. எலக்ட்ரான் அடர்த்தி கன மீட்டருக்கு 10¹⁶, வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட் எனில் டிபை நீளம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். குழாய்த் தூளின் உள்துளைகளோ நானோமீட்டர் முதல் சில மைக்ரோமீட்டர் வரையே உள்ளன. எனவே பிளாஸ்மா துளைகளுக்குள் நுழைவதில்லை. தூளின் மேற்புறத்தோடு நின்றுவிடுகிறது. உள்ளே செல்லக்கூடியவை மின்சுமையற்ற தனி உறுப்புகள் மட்டுமே. அவையும் ஒவ்வொரு மோதலிலும் வினையுற்று மறைவதால் ஆழம் கூடக்கூட அருகுகின்றன. தட்டில் பரப்பிய தூளின் மேலடுக்கு மிகையாக அரிக்கப்பட்டிருக்க, அடியடுக்கு தொடப்படாமல் கிடக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அளந்தால் மிதமான பதப்படுத்தல் நிகழ்ந்தது போன்ற சராசரி எண் கிடைக்கும். ஆனால் அச்சராசரிக்கு ஒத்த குழாய் ஒன்றுகூட அத்தூளில் இல்லாதிருக்கலாம்.

சுழலும் உருளைக் கலம், வளிமத்தால் தூளை மிதக்கவிடும் படுகை, இடையிடையே நிறுத்திக் கிளறுதல் ஆகியன இதற்குரிய தீர்வுகள். வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் மின்காப்புத் தடை மின்னிறக்கம், வெற்றிட எக்கியின் தேவையை நீக்குகிறது. ஓசோன் உண்டாக்குவதற்காக வெர்னர் சீமென்ஸ் 1857இல் அமைத்த கருவியின் வழிவந்தது இது. ஆயினும் இதில் மின்னிறக்கம் மெல்லிய இழைகளாகத் தோன்றி மறைவதால், இழை தொட்ட இடமும் தொடாத இடமும் வேறுபடுகின்றன. சீர்மை என்னும் சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது.

8. அளவீடுகளும் அவற்றின் பொருளும்

பதப்படுத்தலின் வெற்றியைக் காட்டப் பெரிதும் பயன்படுவது எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை. கார்பன் 1எஸ் முகடு 284.5 எலக்ட்ரான் வோல்ட் அருகில் அமைகிறது. ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்புள்ள கார்பன் 286 அளவிலும், கார்பாக்சில் கார்பன் 289 அளவிலும் தோன்றும். முகட்டைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதியின் பங்கையும் கணிப்பர்.

இந்நிறமாலை தரும் ஆக்சிஜன் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். எடுத்துக்காட்டாக, பலசுவர்க் குழாய் மாதிரி ஒன்றில் 100 கார்பனுக்கு 5 ஆக்சிஜன் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். பார்வைக்கு இது மென்மையான மாற்றமே. ஆனால் ஆக்சிஜன் இருப்பது வெளிச்சுவரில் மட்டும். கார்பனிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களோ, மோதலிடைத் தொலைவு சுமார் 3 நானோமீட்டர் ஆதலால், பல உட்சுவர்களிலிருந்தும் வருகின்றன. சுவர்களின் இடைவெளி 0.34 நானோமீட்டர். தட்டையான அடுக்குகள் எனத் தோராயமாகக் கொண்டு கணக்கிட்டால், கார்பன் குறிகையில் வெளிச்சுவரின் பங்கு 11 விழுக்காடு மட்டுமே. அதாவது அந்த 5 ஆக்சிஜன் அணுக்களும் 100 கார்பனுக்கு உரியவை அல்ல. வெளிச்சுவரின் 11 கார்பனுக்கு உரியவை. இரண்டு கார்பனுக்கு ஏறத்தாழ ஓர் ஆக்சிஜன் என்ற நிலையில் அச்சுவர் கிராஃபீன் தாளாக நீடிப்பது அரிது. எனவே இரண்டில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும்: வெளிச்சுவர் பெரிதும் சிதைந்துள்ளது, அல்லது ஆக்சிஜனின் பெரும்பகுதி சுவரில் இல்லாமல் ஒட்டுத்துணுக்குகளிலும் ஒழுங்கற்ற கார்பனிலும் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் இந்நிறமாலைக்கு மட்டும் இல்லை.

இராமன் நிறமாலையில் 1580 செ.மீ.⁻¹ அருகே தோன்றும் ஜி பட்டை கிராஃபைட்டு ஒழுங்கையும், 1350 செ.மீ.⁻¹ அருகே தோன்றும் டி பட்டை ஒழுங்குக் குறைவையும் காட்டுகின்றன. இவற்றின் செறிவு விகிதம் உயர்ந்தால் சுவரில் தொகுதிகள் பிணைந்தன என்று முடிவு செய்வது வழக்கம். ஆனால் தொகுதி பிணைந்த இடமும் அணு இழந்த இடமும் ஒரே டி பட்டைக்கு வலுச்சேர்க்கின்றன. பிளாஸ்மா முதலில் ஒழுங்கற்ற கார்பனை எரித்து அகற்றும்போது விகிதம் குறையவும் கூடும். மேலும் பலசுவர்க் குழாயில் தொடப்படாத உட்சுவர்களின் வலுவான ஜி பட்டை, வெளிச்சுவரின் சேதத்தை மறைத்துவிடுகிறது. ஒருசுவர்க் குழாய்களில் 100 முதல் 300 செ.மீ.⁻¹ வரை தோன்றும் ஆர மூச்சு அதிர்வு மங்குவது இதைவிடத் தெளிவான எச்சரிக்கையாகும்.

ஆகவே குறைந்தது மூன்று வகைச் சான்றுகளை இணைத்தே முடிவுக்கு வருதல் வேண்டும். ஒளிஎலக்ட்ரான் நிறமாலைக்கு முன் ஹைட்ராக்சிலை டிரைஃபுளூரோ அசிட்டிக் நீரிலியால் அடையாளமிடுவது, முகட்டைக் கூறாக்குவதில் உள்ள ஊகத்தைக் குறைக்கும். போம் தரம்பார்த்தலில் சோடியம் பைகார்பனேட்டு கார்பாக்சிலை மட்டும் நடுநிலையாக்குகிறது. சோடியம் கார்பனேட்டு லாக்டோனையும், சோடியம் ஹைட்ராக்சைடு ஃபீனாலையும் உடன் நடுநிலையாக்குகின்றன. இவற்றின் வேறுபாட்டிலிருந்து மாதிரி முழுவதற்குமான அளவு கிடைக்கிறது. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி சுவரின் நிலையை நேரில் காட்டுகிறது. காரத்தால் கழுவிய பின் இவ்வளவீடுகளை மீண்டும் செய்து ஒப்பிடுவது, துணுக்குகளின் பங்கைப் பிரித்தறிய உதவும்.

9. எவ்வளவு மாற்றம் போதும்?

1.4 நானோமீட்டர் விட்டமுள்ள ஒருசுவர்க் குழாயின் ஒரு நானோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 168 கார்பன் அணுக்கள் உள்ளன. ஆயிரத்தில் ஓர் அணுவில் மட்டும் தொகுதி பிணைந்தால்கூட, ஒவ்வொரு 6 நானோமீட்டருக்கும் ஒரு தொகுதி அமைகிறது. நூற்றுக்கு இரண்டு எனில் ஒவ்வொரு 0.3 நானோமீட்டருக்கும் ஒன்று. குறைபாடற்ற உலோகவகைக் குழாயில் தாழ் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் ஒரு மைக்ரோமீட்டர் அளவு தொலைவைச் சிதறாமல் கடக்க வல்லது. அத்தொலைவில் முதல் நிலையிலேயே 168 தடைகளும், இரண்டாம் நிலையில் 3,000க்கு மேற்பட்ட தடைகளும் குறுக்கிடுகின்றன. மின்கடத்துதிறனை நாடும் பயன்பாட்டில் இவ்வேறுபாடு மிகப் பெரிது.

பத்துச் சுவர்கள் உள்ள குழாயில் நிலைமை மாறுகிறது. உள்விட்டம் 5 நானோமீட்டர் எனில் வெளிச்சுவரில் உள்ள அணுக்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடே. அதனை வேதிப்பிணைப்புக்கு ஒப்படைத்துவிட்டு, மின்னோட்டத்தையும் விறைப்பையும் உட்சுவர்களிடம் விட்டுவைக்கலாம். ஆயினும் இழுவிசை வெளிச்சுவரின் வழியாகவே உள்ளே கடத்தப்பட வேண்டும். சுவர்களுக்கிடையே வலுவான பிணைப்பு இல்லாமையால் சிதைந்த வெளிச்சுவர் அப்பணிக்கு உதவாது. ஆகவே பயன்பாடே அளவைத் தீர்மானிக்கிறது. உயிரியல் உணரியில் நொதியைப் பிணைக்கச் சில தொகுதிகள் போதும். மின்தேக்கியின் மின்வாய்க்கு ஈரமாகும் பரப்பு மிகுதியாக வேண்டும். கலவைப்பொருளுக்கு அவற்றின் இடைப்பட்ட நிலை ஏற்றது.

காலமும் இங்கு ஒரு காரணியாகும். பிளாஸ்மாவால் பதப்படுத்திய பரப்பு பதப்படுத்திய நாளில் இருந்தவாறே நீடிப்பதில்லை. எஞ்சிய தனி உறுப்பிடங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் தொடர்ந்து வினைபுரிகின்றன. காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் படிந்து பரப்பின் நீர் நாட்டத்தைக் குறைக்கின்றன. பதப்படுத்தலுக்கும் அளவீட்டிற்கும் இடையே கழிந்த நேரத்தைக் குறிப்பிடாமல் இரு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடுவது பொருத்தமன்று.

10. முடிவுரை

பிளாஸ்மா முறை அமில முறையின் கழிவையும் நீண்ட கழுவுதலையும் தவிர்க்கிறது. வளிமத்தை மாற்றுவதன் வழியே பரப்பின் தன்மையைத் தேரும் உரிமையை அளிக்கிறது. ஆனால் அது தானாகவே மென்மையான முறை அன்று. அயனியின் ஆற்றல், மாதிரியின் இடம், தூளின் ஆழம், கால அளவு ஆகியவற்றைப் பொறுத்தே அது தொகுதிகளைச் சேர்க்கும் கருவியாகவோ சுவரை அரிக்கும் கருவியாகவோ அமைகிறது.

ஆக்சிஜன் விழுக்காட்டை உயர்த்துவதையே இலக்காகக் கொள்ளும் ஆய்வுகள், எந்தப் பண்பிற்காக நானோகுழாய் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அப்பண்பையே இழக்க நேரிடலாம். சுவரைச் சிதைத்துப் பெறும் விரவல், விலை குறைந்த கரித்தூளிலும் பெறத்தக்கதே. எனவே இத்துறையில் வெளிவரும் ஒவ்வோர் அறிக்கையும் எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு எவ்வளவு இழந்தோம் என்பதையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. பதப்படுத்தலுக்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறன், குழாய்களின் நீளப் பரவல், மேலடுக்கு அடியடுக்கு வேறுபாடு, காரக் கழுவலுக்குப் பிந்திய அளவு ஆகிய நான்கையும் இணைத்து வெளியிட்டால், பிளாஸ்மா முறையின் உண்மையான தகுதியை மதிப்பிட இயலும்.